வளைவுக்கு வெளியே நின்ற வகுப்பறை

அந்தப் பள்ளிக்கூட அதிபர் மெலிந்தவர். கையில் எந்நேரமும் பலகையில் எழுதும் வெண்கட்டி ஒன்று இருக்கும். பேசும்போது அதை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டேயிருப்பார். தொழிற்சாலையில் முழுதாகச் செய்த வகுப்பறை ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு, திருகோணமலைத் துறைமுகப் பக்கத்திலிருந்த அவருடைய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வாசலின் அகலத்தை மட்டுமே அளந்திருந்தோம். வாசலுக்கு மேலே பழைய மாணவர்கள் கட்டிய வளைவில் அறையின் கூரை இடித்தது.

நல்ல மழை. வகுப்பறையில்லாத பிள்ளைகள் ஒழுகும் தறப்பாள் கூரைக்குக் கீழே நனைந்துகொண்டிருந்தார்கள்.

“வளைவை உடைக்கலாமோ, சேர்?” என்று கேட்டேன்.

“கல்விக் கந்தோர் அனுமதியில்லாமல் ஏலாது, தம்பி. கேட்டுப் பாத்திட்டன். இப்ப தரமாட்டினமாம்.”

“அப்ப திருப்பிக் கொண்டுபோறதுதான். வேற பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திடுவினம்.”

விரல்களில் வெண்கட்டி நின்றது. “எப்ப வெளிக்கிடுவியள்?”

“பின்னேரம்.”

“அதுவரைக்கும் பிள்ளையளை அறைக்குள்ள ஏத்தட்டோ?”

பிள்ளைகள் இருக்கும் வாங்குகளைப் படியாக அடுக்கி அவர்களை ஏற்றி, லொறியில் இருந்த அறையிலேயே பாடம் நடத்தினார். பள்ளி விட்டதும் கடைசியாக இறங்கிப் போனார்.

திரும்பும் வழியில் கந்தளாயில் தேநீருக்கு நிறுத்தியபோது அறைக்கதவைத் திறந்து பார்த்தேன். அந்த அறை திரும்பி வராதென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கரும்பலகையைத் துடைத்து, மேலே மறுநாள் திகதியை எழுதிவிட்டுப் போயிருந்தார்.