இடுப்பில் இருந்தவள்

“இதுக்கு முன்னாடி இந்த ஆபரேஷன் செஞ்ச பிள்ளையை நான் பார்க்கணும், டாக்டர்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று அம்மா ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலேயே என் கையைக் கிள்ளிச் சொல்லியிருந்தாள். கேட்டுவிட்டேன். அன்று பட்டப்பகலில் நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை. நம்பாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு நஷ்டமில்லை.

என் தங்கை சிட்டுவுக்கு ஒன்பது வயது. நடக்க மாட்டாள், பேச மாட்டாள். மறுநாள் காலை அவளுடைய கர்ப்பப்பையை எடுப்பதாக இருந்தது. பிறகு ஹார்மோன் கொடுத்து வளர்ச்சியையே நிறுத்துவார்கள். உடம்பில் நோய் ஒன்றும் கிடையாது. அம்மா அவளைக் கடைசிவரை இடுப்பில் தூக்க வேண்டும், அதற்காக மட்டும்தான்.

என்னை அந்த இடுப்பிலிருந்து இறக்கிவிட்டபோது எனக்கு இரண்டு வயது. நான் பட்டம் வாங்கிய அன்று அம்மா வரவில்லை. சிட்டுவுக்குச் சளியாம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் கைநாட்டு வைத்தால் போதாது. படித்த ஒருவர் படிவத்தைப் படித்துக்காட்டி, ‘விளக்கிச் சொன்னேன்’ என்று கீழே கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வம்சத்திலேயே படித்தவள் நான் ஒருத்திதான்.

டாக்டர் சிரித்தார். “அந்தப் பொண்ணு நல்லா இருக்கும்மா. ரொம்ப தூரத்துல இருக்காங்க.”

வெளியே வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். “பெரிய கலெக்டரு, கேள்வி கேக்குறா! இவ வளர்ந்துட்டா யாருடி தூக்குவா? நீயா?”

படிவத்தை எடுத்துக்கொண்டு சிட்டுவின் கட்டிலுக்குப் போனேன்.

மதியம் 2.40. அம்மா மருந்து வாங்கப் போனாள். சிட்டு கட்டிலில். நான் பக்கத்தில், மடியில் படிவம். உண்மையைச் சொல்கிறேன்... போட்டுத் தொலைக்கலாம் என்றுதான் இருந்தது. அறுக்கட்டும். ஒரு நாளாவது சிட்டுவுக்கு வலிக்கட்டும்.

2.52. பேனாவைத் திறந்தேன். சிட்டு கெக்கெக்கென்று சிரித்தாள். அம்மாவைத் தவிர யாரிடமும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

என் இடுப்பைப் பார்த்தாள்.

இடது இடுப்பு கனத்தது. சட்டென்று எழுந்தேன்.

கனமும் கூடவே எழுந்தது...

கழுத்தில் மூச்சு. சில்லென்று.

எதிரே கைகழுவும் தொட்டிக் கண்ணாடி. அதில் நான். என் இடுப்பில்... குட்டிக் கவுன். பால் முகம் இல்லை. பாதி நரைத்த தலை.

“இறக்கி விடு...”

காதுக்குள்ளேயே.

“இறக்கி... விடு...”

டக்.

பேனா கீழே விழுந்தது. கனம் போய்விட்டது. மணி 2.55.

வயதான நர்ஸ் ஒருவர் ஊசித் தட்டோடு உள்ளே வந்தார். அவர் கையைப் பிடித்துக் கேட்டேன். “அக்கா... குட்டிக் கவுனு, நரைச்ச முடி... யாரு அது?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். போய்க் கதவைச் சாத்தினார்.

“உனக்கு யாரு சொன்னா?”

“பார்த்தேன்.”

மெதுவாகச் சொன்னார். “இங்க இந்த ஆபரேஷனை மொதல்ல அவளுக்குத்தான் பண்ணினாங்க. முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் ஏழு வயசு உருவம்தான். அம்மாக்காரி கீழயே விடமாட்டா. துணியால இடுப்போட சேர்த்துக் கட்டிக்குவா. ஒருநாள் அம்மாக்காரிக்கு நெஞ்சுவலி, நின்ன இடத்துலயே விழுந்துட்டா. வீடு உள்பக்கம் தாழ்ப்பாள். நாலாம் நாள்தான் கதவை உடைச்சாங்க. பொணத்தோட கட்டின கட்டுலயே... மூணு நாள் வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு உயிர் இருந்திருக்கு.”

3.10. அம்மா திரும்பி வந்தாள். சிட்டுவை ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வார் மாட்டிக்கொண்டிருந்தேன். படிவம் கட்டில்மேல் கிடந்தது.

“கையெழுத்துப் போட்டியா?”

“போடல. போடவும் மாட்டேன்.”

“நான் ஆசையா வெச்சிருக்கறது உனக்குப் பொறுக்கல. பொறாமை புடிச்சவளே!”

“ஆமாம்மா,” என்றேன்.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.