துளசி மாடத்துக்குள் போன ஏழு கற்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்த சமயம். கோலா சிலாங்கூர் பக்கம் புக்கிட் பெலிம்பிங்கில் எங்கள் வீடு. நான் போன் செயலியில் அழைத்தால் வரும் இ-ஹெய்லிங் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அந்த வாரம் வீட்டு வாசலில் புதிதாகத் துளசி மாடம் கட்டிக்கொண்டிருந்தேன். அடித்தளத்துக்குக் கல் கொண்டுவந்து தருவதாக என் மச்சான் சொல்லியிருந்தார். என் காரையும் ஒருநாள் இரவல் வாங்கிப் போயிருந்தார். அதனால் காரின் பின்பக்கம் ஒரு கோணிப்பையில் ஏழு கற்களைப் பார்த்ததும், பரவாயில்லையே, சொன்னபடி செய்துவிட்டாரே என்று மெச்சிக்கொண்டேன். ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைச் சாயத்தில் ஓர் எண் இருந்தது. எனக்கென்ன வந்தது? ஏழையும் குழியில் போட்டுக் காலால் மிதித்து இறுக்கி, மேலே சிமெண்டு ஊற்றினேன்.

அடுத்த மூன்று நாளும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. இந்தக் காலத்தில் தெரியாத எண் என்றால் ஸ்கேமர்தானே? எடுக்கவே இல்லை. நான்காம் நாள் எரிச்சல் தாங்காமல், திட்டுவதற்காகவே எடுத்தேன். ஒரு பெண் அழாத குறையாகப் பேசினாள்.

"அங்கிள், உலு யாம்லேருந்து உங்க கார்ல வந்தேனே, ஞாபகம் இருக்கா? என் கல்லுப் பை உங்க கார்லதான் இருக்கு."

நிலவியல் படிக்கும் கடைசி வருட மாணவி. மழையில் அவசரமாக இறங்கியதில் பையை மறந்துவிட்டாளாம். அவள் கல் எடுத்த குவாரியில் அதற்குள் அந்தப் பாறையையே வெடி வைத்துத் தகர்த்து, லோரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த ஏழு கற்கள் இல்லையென்றால் அவளுடைய ஆய்வே இல்லை. நடந்ததைச் சொன்னேன்.

அன்று மத்தியானமே வந்துவிட்டாள். மாடத்தில் துளசி, மஞ்சள், குங்குமம், காலையில் ஏற்றிய விளக்கு. பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. "சாமி இடமாச்சே அங்கிள். பரவால்ல, விடுங்க," என்று கிளம்பப் போனாள். பூஜை ஆரம்பித்த மாடத்தில் சுத்தியல் படுவதை நினைக்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி வெளியே வந்தாள். துளசியை வேரோடு தோண்டி ஒரு தொட்டியில் வைத்தாள். சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, சுத்தியலை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"புள்ள படிப்பு லா இது. மாடத்த நாளைக்கே கட்டிக்கலாம். ஒடைங்க!"

உடைத்தேன். ஆறு கற்கள் சிமெண்டுப் பொருக்கோடு முழுசாக வந்தன. கடைசிக் கல்லின் மேல் என் அடி நேராக விழுந்து, அது இரண்டாகப் பிளந்தது. செத்தேன் என்று நினைத்தேன். அவளோ ஓடிவந்து ஒரு செம்பு தண்ணீரைப் பிளவின் மேல் ஊற்றினாள்.

வெறும் சாம்பல் நிறக் கல் என்றுதானே நினைத்திருந்தேன்? உள்ளே தேன் நிறத்தில் மணிமணியாக மின்னியது. சுற்றிலும் இளம்பச்சை. நடுவே வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாக இழைகள். அவள் கொடுத்த சிறிய பூதக்கண்ணாடியால் பார்த்தபோது, அந்தத் தேன் மணி ஒவ்வொன்றும் யாரோ பட்டை தீட்டி வைத்ததுபோல் இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பச்சை டையாப்சைடு, வெள்ளை வொலஸ்டோனைட்டு என்று சொல்லிக்கொடுத்தாள். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன், பூமிக்கடியில் கொதிக்கும் பாறைக்குழம்பு சுண்ணாம்புப் பாறைக்குள் புகுந்தபோது, அந்தச் சூட்டிலும் சுண்ணாம்பிலும் விளைந்தவையாம்.

"அப்ப இந்தத் தேன் கலரு என்னம்மா?" என்று கேட்டேன்.

"கார்னெட், அங்கிள். நம்ம கோமேதகம் இருக்குல்ல, அந்த வகைதான். மோதிரத்துக்கெல்லாம் ஆகாது லா, வெடிப்பு நெறைய."

மனைவி என்னைப் பார்த்தாள். ராகுவுக்குக் கோமேதகம் போடச் சொல்லி ஜோசியர் எப்போதோ சொன்னதை, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தவன் நான். வீடு தேடி வந்ததைக் காலால் மிதித்துப் புதைத்திருக்கிறேன்!

கல்லை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "நானே இத ஒடைச்சுத்தான் பாக்கணும், அங்கிள்," என்று சிரித்தாள். ஆய்வு முடிந்ததும் மறுபடி வந்து, அதில் ஒரு பாதியை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனாள்.

இந்த முறை அதை, மறுபடி கட்டிய மாடத்தில் துளசியின் பக்கத்தில், கண்ணில் படும்படி வைத்தோம். காலையில் மனைவி ஊற்றும் தண்ணீர் பட்டதும் தேனும் பச்சையும் துலங்கும். வெயில் ஏற ஏற மங்கிவிடும். இப்போதெல்லாம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுத்துவிடுகிறேன். வழியில் கிடக்கும் கல்லைத் தாண்டும்போதுகூட, ஒரு கை தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் இது வெறும் கல் என்று சொல்ல நான் யார் என்று தோன்றுகிறது.