தாமதமாக வந்த நோயாளி

முதல் அறிகுறி, சிறுநீர் கழிக்கும்போது எரிவு. நான் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர். அடுத்தவர் சிறுநீரில் கிருமி தேடுவது என் வேலை. என்னுடையதைப் பரிசோதிக்க நான்கு நாள் ஒத்திப்போட்டேன்.

பிறகு நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. வெள்ளவத்தை அறையில் அண்ணாவும் நானும்தான். வெப்பநிலை, நாடித்துடிப்பு, குடித்த தண்ணீர் என மூன்று பத்தி பிரித்துக் குறித்து வந்தேன். காய்ச்சலின் ஐந்தாம் நாள் காலை உடல் குளிர்ந்தது.

"காய்ச்சல் விட்டிட்டுது. உன்ர லிஸ்டை மடிச்சு வை," என்றார் அண்ணா.

நானும் நம்பினேன். நூறுக்குள் இருக்க வேண்டிய நாடி நூற்று முப்பது என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

மதியம் என் பேச்சுக் குழறியது. அண்ணா ஓட்டோ பிடித்தார். காலி வீதி என்ற பெருந்தெருவின் இராணுவச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். என் அடையாள அட்டையில் வடக்கே கொக்குவில் முகவரி. போர்க்காலத்தில் வடக்குத் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டில் வெள்ளவத்தை. எங்கே இருக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார் சிப்பாய். சிங்களம் நன்றாகவே தெரிந்த நான், "கொக்குவில்" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். குடித்திருக்கிறாளா என்று இன்னொருவர் சிரித்தார்.

வருத்தக்காரி, கடும் காய்ச்சல் என்று அண்ணா கெஞ்சினார். பிறகு என் பக்கம் குனிந்தார். "வெள்ளவத்தை எண்டு சொல்லு, தங்கச்சி. ஒருக்கால் சொல்லு."

வாயில் வரவில்லை. இரண்டு மணிநேரம் ஓரமாக நிறுத்தி வைத்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போக விட்டார்கள்.

அந்த நேரத்தில் எனக்குள் நடந்ததை மருத்துவர் பின்னர் விளக்கினார். கிருமியை எதிர்க்க உடல் அழற்சியை (தொற்றிய இடத்தில் எழும் வெப்பமும் வீக்கமும்) உண்டாக்குகிறது. அது கட்டுமீறி உடல் முழுவதும் பரவினால் இரத்தக்குழாய்கள் தளர்ந்து கசியும். நுண்குழாய்களில் இரத்தம் உறையும். இரத்த அமுக்கம் விழும். இரத்தம் கிடைக்காத உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். இதுதான் செப்சிஸ். எனக்கு முதலில் மூளை குழம்பியது. அடுத்துச் சிறுநீரகங்கள் நின்றன. பதினொரு நாள் தீவிர சிகிச்சை. நான்கு தடவை டயாலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்).

உடலே உடலைத் தாக்கியது என்பது பாதி உண்மை. தாக்குவதற்கு அதற்கு இரண்டு மணிநேரம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாளில் தந்த அட்டையில், 'நோயாளி தாமதமாக வந்தார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"நான் பிந்தி வரேல்லை, டொக்டர். மறிச்சு வச்சவை. அதை எழுதுங்கோ."

"எழுதி என்ன பிள்ளை செய்யப் போறீர்? உயிர் தப்பிட்டீர்தானே."

"தப்பின எனக்குத்தான் டொக்டர் காரணம் வேணும்."

அவர் அந்த வரியை வெட்டினார். அதற்குப் பதிலாக எதுவும் எழுதவில்லை.

சிறுநீரகங்கள் பாதிதான் மீண்டன. காலையில் நீர் கோத்து வீங்கிய கணுக்காலை விரலால் அழுத்தி, குழி நிரம்பும்வரை எண்ணுகிறேன். என் நாள் அந்த எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது.

உங்கள் வீட்டில் காய்ச்சல்காரர் திடீரெனக் குளிர்ந்து, பேச்சும் குழம்பினால் காத்திருக்காதீர்கள். நீங்கள் வந்து சேர்ந்த நேரத்தை ஆஸ்பத்திரி எழுதும். புறப்பட்ட நேரத்தை நீங்கள் எழுதி வையுங்கள்.