கிழிந்த இரண்டு துண்டுகள்

மல்வேர்ன் தமிழ்க் கடைச் சுவரில், மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு ரியூஷன் என்று விளம்பரம் ஒட்டியிருந்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான எனக்கு முதல் மாணவர் வேண்டும்.

அடியில் கிழித்தெடுக்க என் தொலைபேசி எண் துண்டுகள். மூன்று வாரமாக ஒருவரும் கிழிக்கவில்லை. வெட்கம் தாங்காமல் இரண்டை நானே கிழித்தேன்.

இன்று பாண் வாங்கப் போனால், விளம்பரத்தின் முன் ஓர் அன்ரியும் மகளும்.

“இஞ்ச பார், ரெண்டு பேர் கிழிச்சுக்கொண்டு போட்டினம். நல்ல ரீச்சராத்தான் இருக்கும்.”

அன்ரி உடனே அழைத்தார். அவருக்குப் பின்னால் என் கைப்பை அலறியது.

“நீரோ பிள்ளை?”

“ஓம் அன்ரி.”

“அந்த ரெண்டு பேருக்கும் முதல் என்ர மகளுக்கு நேரம் தாரும்.”

சனிக்கிழமை முதல் வகுப்பு. அந்த இரண்டு பேரும் மறுப்பே சொல்லவில்லை.

அடுத்த வாரம் இன்னும் எத்தனை பேரைக் கிழிக்கலாம், சொல்லுங்கள்?