வாதத்துக்காக ஒப்புக்கொண்ட பிழை

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடந்ததைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். அன்று அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூட எங்களுக்காக வாய் திறக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். மாலைகளில் தியாகராய நகர் மன்றங்களில் வாதப் போட்டிகளில் பேசிக் கோப்பை வாங்குவேன். அந்த மிடுக்கு குறையாமலே காலையில் பாறையின் முன் வந்து உட்காருவேன். ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்கள் குழிக்குள் செலுத்தும் குழம்பு, பாறை வெடிப்புகளில் எவ்வளவு தூரம் ஓடி வீணாகும் என்று கணக்கிடுவதே என் வேலை. அந்தக் குழம்பு தண்ணீரைப் போன்றதன்று. சும்மா விட்டால் கெட்டியாக நிற்கும். நெருக்கித் தள்ளினால் இளகி ஓடும். மெல்ல ஓடும் தண்ணீருக்கு அழுத்தத்தை இருமடங்காக்கினால் ஓட்டமும் இருமடங்காகும். இதற்கோ மும்மடங்கைத் தாண்டும் என்றது என் கணக்கு. வெடிப்பின் மேடுபள்ளங்களைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, துளையட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கணிப்பொறி அறைக்குச் சுமந்து போட்ட கணக்கு அது.

அதைக் கல்லில் சோதித்தவர் எங்கள் கருவிப் பணியாளர். மந்தைவெளிக்காரர், எட்டு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர். கருங்கல்லை உளியால் பிளந்து, இரு பாதிகளையும் மயிரிழை இடைவெளியில் இறுக்கி, அந்தக் குழம்பின் குணமே கொண்ட கொத்தவரை விதைப் பசையைக் கரைத்து உள்ளே செலுத்தினார். அழுத்தத்தை இருமடங்காக்கியதும் ஓட்டம் மும்மடங்கைத் தாண்டியது.

"இன்னா சார், கல்லுகூட உன் பேச்சைக் கேக்குது!" என்று சிரித்தார்.

ஆண்டு மதிப்பாய்வுக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். என் வரைபடத்தைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தார்.

"நேர்கோடுதானே வரணும்? இது ஏன் வளைஞ்சுண்டு போறது? கல்லு ஒழுகறதா, உங்க ஆள் தூங்கிண்டே அளந்தானா?"

மதிப்பாய்வுக் குழுவே சிரித்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அது தண்ணீர் அன்று என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை அவர் புரட்டவே இல்லை! படிக்காத தாளுக்குத் தீர்ப்பு எழுத எவர் கொடுத்த அதிகாரம்?

எழுந்தேன். மேடையில் எனக்கொரு பழக்கம் உண்டு: எதிரணிக்குச் சிறியதொன்றை விட்டுக்கொடுத்து, பலமான சான்றைக் கடைசிக்கு வைத்திருப்பேன்.

"வாதத்துக்காக, அளந்த கையில் பிழை இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால்..."

"ஆனாலெல்லாம் எதுக்குப்பா? நீயே ஒத்துண்டாச்சே!"

கோப்பு மூடப்பட்டது. தேநீர் வந்தது. அளவீட்டில் பணியாளரின் கவனக்குறைவு என்று ஒரு வரி குறிப்பில் ஏறியது. அவரை நிரந்தரமாக்கும் பரிந்துரையும் அதே கோப்பில்தான் இருந்தது.

தாழ்வாரத்தில் நான் பொரிந்து தள்ளினேன். பணியாளர் கல்லைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தாளு கெடக்கறான் சார். நான் கதவாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். கை தப்புன்னு ஒத்துக்கினது யாரு? நீதான?"

"அது வாதத்துக்காகச் சொன்னதுண்ணே."

"உனுக்கு வாதம். எனுக்கு வேலையே போய்க்கினு கீது."

அந்த நிபுணர்மேல் எனக்குள்ள கோபம் இன்றளவும் தணியவில்லை; தணிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அந்த நொடியில் அதில் பாதி என் பக்கம் திரும்பியது. கைதட்டலுக்காகப் பழகிய ஓர் உத்தியை, அங்கே பேச இடமில்லாத ஒருவரின் பிழைப்பை வைத்து ஆடியிருக்கிறேன்.

குழுவினர் தேநீர்க் கோப்பைகளுடன் வெளியே வந்தார்கள். அவர்கள் நின்று கேட்கும்படி நான் மேடைக் குரலிலேயே பணியாளரிடம் சொன்னேன்:

"வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பில் கையெழுத்திட இதே குழு கூடுகிறது. உங்கள் அளவில் பிழையில்லை என்பதே அன்று என் முதல் வாக்கியம். அந்த வரியை அடிக்கும்வரை நான் உட்காரமாட்டேன், என் பட்டமே நின்றுபோனாலும் சரி!"