ஆறு கோன்களும் ஒரு 'சரிங்க'வும்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம், பல்லடத்துக்குப் பக்கத்தில் பனியன் துணி பின்னும் ஒரு நிட்டிங் கம்பெனியில் இது நடந்தது. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன்பு பதினெட்டு வருடம் விசைத்தறி ஓட்டினேன். தறிகளை எடைக்குப் போட்டுவிட்டு மூன்று இடங்களில் வேலைக்குப் போனேன், ஒன்றிலும் நிலைக்கவில்லை. நான்காவதாக இங்கே பயிற்சி ஆளாகச் சேர்ந்தபோது, "இதுலயாச்சும் நில்லுங்க" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பினாள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த இன்சார்ஜ் இருபத்து நாலு வயதுப் பெண். பின்னல் தொழில்நுட்பம் படித்துவிட்டு உடுமலைப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும். அந்தக் கம்பெனியில் மிஷின்களுக்குப் பொறுப்பாக ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் சண்டை போட்டுத்தான் வந்ததாம். ஒரு நாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னது: "இந்த வேலை நிலைக்கலீன்னா எங்கப்பா சொன்னதுதான் சரின்னு ஆயிப்போயிருமுங்கண்ணா." சிரித்துக்கொண்டுதான் சொன்னது. எனக்கும் அதே கதைதான் என்று நான் சொல்லவில்லை.

தினமும் காலையில் அரை மணி நேரம் பாடம். தறியில் நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை என்று இரண்டு நூல் வேண்டும். இங்கே அப்படி இல்லை. வட்டமாக நிற்கும் ஆயிரக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்க, நூல் தனக்குள்ளேயே கண்ணி போட்டுக்கொண்டு துணியாகி, உள்ளே குழாய் மாதிரி இறங்கிக்கொண்டே இருக்கும். மிஷினைச் சுற்றித் தொண்ணூறு இடத்தில் நூல் உள்ளே போகும். தொண்ணூறுக்கும் நூல் சுற்றிய தொண்ணூறு கோன், பக்கத்து ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும். முதல் வாரம் எனக்குத் தலை சுற்றியது என்பதுதான் உண்மை. ஆனால் என் மகள் வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் ஒரு பெண்ணிடம் "புரியலை" என்று சொல்ல வாய் வரவில்லை. எது சொன்னாலும் "சரிங்க அம்மணி" என்றேன்.

அது லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டது. "அண்ணா, நம்மூர்ல சரிங்கன்னா நாலு அர்த்தமுங்க. புரிஞ்சுதுன்னாலும் சரிங்க, புரியலீன்னாலும் சரிங்க, ஒத்துக்கிட்டாலும் சரிங்க, ஆளை விட்டாப் போதும்னாலும் சரிங்க. எனக்குப் புரிஞ்ச சரிங்க மட்டும் போதும்" என்றது. சுற்றி நின்ற ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "சரிங்க" என்றேன்.

ஒரு வியாழக்கிழமை, அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கான பனியன் துணி. காலையில் மிஷின் சத்தத்துக்கு மேலே அந்தப் பெண் என்னைப் பார்த்து, "லாட் பார்த்து ஏத்துங்கண்ணா" என்று கத்திவிட்டுப் போனது. நான் கையைத் தூக்கி "சரிங்க" என்றேன். லாட் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், சாயப்பட்டறைக்கு மொத்தமாக அனுப்பும் துணி. அந்த லாட் சீக்கிரம் போகவேண்டும், வேகமாக ஓட்டச் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நூலுக்கும் லாட் உண்டு, ஒரே மில், நூல் கனத்தைச் சொல்லும் நம்பரும் ஒன்றே என்றாலும் பஞ்சு மாறினால் அது வேறு லாட், கோன் கலரும் மாறும், சாயம் வேறு மாதிரி பிடிக்கும் என்பதெல்லாம் காலைப் பாடத்தில் சொன்னதுதான். அன்றைக்கு நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதியம் ஆறு கோன் தீர்ந்தது. பச்சைக் காகிதக் கோனில் சுற்றிய நூல் அது. குடோன் பூட்டியிருந்தது, சாவி அந்தப் பெண்ணிடம். ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் மிஷினை ஏன் நிறுத்தினீர்கள் என்று நினைக்குமோ என்று ஒரு வறட்டு கௌரவம். பக்கத்து மிஷின் ஓரத்தில் பிரித்த மூட்டை ஒன்று கிடந்தது. அதுவும் முப்பதாம் நம்பர் நூல், அதே மில். கோன் மட்டும் ரோஸ் கலர். தறியில் நாங்கள் நம்பர் ஒன்றாக இருந்தால் எந்தக் கோனையும் ஊடைக்குப் போட்டு ஓட்டுவோம். வெள்ளை நூல் வெள்ளை நூல்தானே என்று ஆறையும் ஏற்றிவிட்டேன். துணி அப்பழுக்கில்லாமல் இறங்கியது. சாயங்காலம் அந்தப் பெண் ஒவ்வொரு ரோலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக் கையெழுத்துப் போட்டது. "நல்லா ஓட்டியிருக்கீங்கண்ணா" என்றது.

திங்கட்கிழமை துணி சாயப்பட்டறையிலிருந்து கருநீலமாகத் திரும்பி வந்தது. மூன்று விரல் அகலத்துக்கு ஒரு தடவை, துணியைச் சுற்றிலும் வெளிறிப்போன ஒரு பட்டை. அந்த ஆறு கோனை ஏற்றியது நான்தான் என்று ஒவ்வொரு பட்டையும் சொல்வது போலிருந்தது. நான் கோன் மாற்றிய பிறகு இறங்கியதில் ஒரு ரோல்கூடத் தப்பவில்லை. ஆர்டர் ரத்து என்று மதியமே தெரிந்துவிட்டது.

முதலாளி ரோலில் தொங்கிய அட்டையைப் படித்தார். அதில் இருந்தது அந்தப் பெண்ணின் கையெழுத்து. அந்தப் பெண் என்னைப் பார்த்து, அவர் முன்னாலேயே கேட்டது: "அண்ணா, வேற கோன் ஏதாச்சும் ஏத்துனீங்களா?"

ஒரு நொடிதான். அந்த நொடியில் என் மனைவி முகமும் அந்த மூன்று பழைய வேலைகளும் வந்து நின்றன. "இல்லைங்க அம்மணி, நீங்க சொன்ன மாதிரியே தானுங்க ஏத்துனேன்" என்றேன். என் குரல் நடுங்கக்கூட இல்லை.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததாக எனக்கு அப்போது தெரியவில்லை. பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "நான்தானுங்க பார்த்திருக்கோணும்" என்றது. அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். டிபன் பையை எடுத்துக்கொண்டு அது கேட்டைத் தாண்டிப் போனபோது நான் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மிஷினைப் போடப் போனால், ஸ்டாண்டில் என் கைக்கு எட்டும் கம்பியில் ஒரு காலிக் கோன் செருகியிருந்தது. ரோஸ் கலர். பட்டைகளைப் பார்த்ததுமே, காலிக் கோன்களைப் போடும் சாக்கில் நான் அடியில் திணித்திருந்ததுதான். அதை எடுத்து வைத்தது யார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தெரிந்தேதான் முதலாளி முன்னால் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. மிஷினைப் போடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதும் உடனே போய்ச் சொல்லவில்லை. நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், என்னை அனுப்பிவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இப்பச் சொல்லி என்னுங்க பண்றது? அந்தப் புள்ளைதானே கையெழுத்துப் போட்டுச்சு. இனிமே மிஷினுக்குப் பொம்பளைப் புள்ளைக வேண்டாம்னு முடிவு பண்ணிப்போட்டேன். நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றார். அடுத்த வருடம் இன்சார்ஜ் வேலையை எனக்கே கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

முதலாளியிடம் சொன்ன அன்றே அந்தப் பெண்ணுக்கும் போன் செய்தேன். பின்னால் தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் வீட்டில் தேங்காய் வியாபாரம். கோனை மாற்றியது நான்தான், பொய் சொன்னது நான்தான், மன்னித்துவிடு அம்மணி என்று மூச்சு வாங்கச் சொன்னேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

"சரிங்கண்ணா" என்றது. போனை வைத்துவிட்டது.

இப்போது புதிதாக வரும் ஆட்களுக்கு நான்தான் காலையில் பாடம் எடுக்கிறேன். அந்த ரோஸ் கோனை மேஜையில் வைத்துக்கொண்டு லாட்டைப் பற்றி மூன்று தடவை சொல்கிறேன். அவர்கள் எல்லோரும் சேர்ந்து "சரிங்க" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம், அன்று போனில் கேட்ட அந்த ஒரு 'சரிங்க'வுக்கு நாலில் எது அர்த்தம் என்று மனம் தேடிப் போகிறது. மன்னிப்பு என்று மட்டும் இன்று வரை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.