இரட்டை இமை கிளினிக்கில் ஐஸ் வைப்பவள்

கண்ணை அழகாக்கும் கிளினிக்கில் வேலை என்றால் நாள் முழுக்க அழகான முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைக்காதீர்கள். நாங்கள் பார்ப்பதெல்லாம் வீங்கின முகங்களைத்தான்.

லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில்தான் கிளினிக். ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பது, கண்மேல் ஐஸ் பை வைப்பது, டாக்சி வரை கைபிடித்துக் கொண்டுபோய் விடுவது, இவ்வளவுதான் என் வேலை. கண்ணாடி முன் நின்று இமையை விரலால் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, செய்யலாமா வேண்டாமா என்று தவிக்கும் அக்கா தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தவிப்பு எனக்கும் தெரியும். இங்கே வருகிறவர்கள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். எனக்குப் புரிந்த தமிழில் தருகிறேன்.

சும்மா கிடைத்த மடிப்பு

சேர்ந்த புதிதில், இருக்கிற இமைமேல் இன்னொரு இமையை வைத்துத் தைப்பார்கள் போலிருக்கிறது என்று பயந்துபோயிருந்தேன். நர்ஸ் ஃபாத்திமாதான் கண்ணாடியைக் கையில் கொடுத்து விளக்கினாள். கண்ணைத் திறந்தால் மேல் இமையில் ஒரு மடிப்பு விழுகிறதே, அதுதான் இரட்டை இமை. சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது. டாக்டர் நூலால் முடிச்சுப் போட்டோ, கீறித் தைத்தோ அதை உண்டாக்குகிறார். அதுவரை தினமும் காலையில் மெல்லிய டேப் ஒட்டி மடிப்பு வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்களும் உண்டாம்.

ஒரு நாள் ஒரு சீனப் பெண் டாக்டரிடம் என்னைக் காட்டி, இந்த ஆன்ட்டி கண் மாதிரி வேண்டும் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். உன் மடிப்புமேல் தோல் தொங்குகிறது, பார்வையை மறைக்கிறது, எடுத்துவிடுவது நல்லது என்றார். சாலையைக் கடக்கும்போது சிக்னலைப் பார்க்க நான் முகவாயைத் தூக்குவது வழக்கம். அதெல்லாம் வயசுக் கோளாறு என்று விட்டிருந்தேன். போன மாதம் சிவப்பு விளக்கு கண்ணிலேயே படாமல் சாலையில் இறங்கி, ஒரு லாரிக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் இதனால்தானா? அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரையும், நாளைக்கு எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கவனித்தேன். ஃபாத்திமா சிரித்தாள்: "அவங்க மடிப்பு இல்லைன்னு வராங்க, உங்களுக்குக் கூடிப்போச்சுங்கிறார் டாக்டர். எப்படிப் பார்த்தாலும் வெட்டு நிச்சயம்க்கா."

முழித்துக்கொண்டே ஆபரேஷன்

தூங்க வைத்துத்தான் செய்வார்கள் என்று நான் தைரியமாக இருந்தேன். அப்படியில்லை. முதலில் உட்கார வைத்து இமையில் பேனாவால் கோடு போடுகிறார்கள். பிறகு இமை மரத்துப்போக ஊசி. நடுவிலே எழுந்து உட்காரச் சொல்லி, கண்ணைத் திற, மூடு என்று இரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்த ஊசியில்தான் உயிர் போகும் என்றாள் ஒருத்தி. அடுத்து வந்தவள், எறும்பு கடித்த மாதிரி என்றாள். இதில் யாரை நம்புவது?

ஆங் மோ கியோவிலிருந்து ஆள் வாட்டசாட்டமாக ஒருத்தர் வந்தார், இன்ஷூரன்ஸ் விற்கிறவர். ஆண்களும் செய்துகொள்கிறார்கள், தெரியுமா? ஐஸ் வைக்கும்போது, எப்படி இருந்தது என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னது: "வலியெல்லாம் இல்ல ஆன்ட்டி, ஆனா தைச்சுக்கிட்டே மத்தியானச் சாப்பாட்டுப் பேச்சு, சிக்கன் ரைஸா நூடுல்ஸான்னு டாக்டர் இன்னும் முடிவு பண்ணலை, அதுதான் டென்ஷன்."

மூன்றாம் நாள் அழுகை

வீக்கம் மறுநாளே வடிந்துவிடாது. முதலில் ஏறும், அப்புறம்தான் இறங்கும். தலையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும், மை தீட்டக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது என்று ஃபாத்திமா ஒவ்வொருத்தருக்கும் சொல்லித்தான் அனுப்புவாள். என் கண்ணைப் போல் கேட்டாளே, அந்தப் பெண், மூன்றாம் நாள் அழுதுகொண்டு வந்து நின்றாள். மடிப்பு நெற்றிக்கே ஏறிவிட்ட மாதிரி இருந்தது. ஒரு கண் பெரிசு, ஒரு கண் சிறிசு. டாக்டர் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வடிய வடிய மடிப்பு இறங்கும், சில மாதம் ஆகும் என்றார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இப்படி ஒரு முகத்தோடு நான் மார்சிலிங் வீடு வரை ரயிலில் போவதா?

சில மாதம் கழித்து ஒருத்தி கேக் பெட்டியோடு வந்தாள். யாரோ புது ஆள் என்று உட்காரச் சொன்னேன். அவளேதான். மடிப்பு அளவாக, அழகாக இருந்தது. எல்லோரும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். முகம் வாடிவிட்டது: "ஒருத்தருமே கண்டுபிடிக்கல ஆன்ட்டி, நல்லாத் தூங்கினியான்னு கேக்கிறாங்க லா."

கறுப்புக் கண்ணாடி

பிடோக்கிலிருந்து நூர்ஜஹான் அம்மா வந்தார், ஜவுளிக்கடைக்காரர் மனைவி. என்னைப் போலவே தொங்கின இமை. ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டு, ஒரு பக்கம் நானும் ஒரு பக்கம் அவர் கணவருமாகக் கூட்டிக்கொண்டு இறங்கினோம். வழியில் மல்லிகைப்பூ வேண்டுமென்று நின்றார். பூக்கடைத் தம்பி முழம் போடும்போது, கண்ணாடிக்குக் கீழே நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டான். கணவரை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா, போலீஸுக்குப் போன் போடவா?" என்றான்.

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தையல் இழுத்ததால் அழுகையும் வந்தது. அதைப் பார்த்து அவன் போனையே எடுத்துவிட்டான். கணவர் நிதானமாகப் பூவை வாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் அடிக்கல தம்பி, காசு குடுத்து டாக்டரை வச்சுத்தான் பண்ணேன்."

என் முறை

கடைசியில் ஒரு மாலை டாக்டர் என் இமையை டேப்பால் தூக்கி ஒட்டி, நேராகப் பார் என்றார். தலையைத் தூக்காமலே அலமாரியின் மேல் தட்டு தெரிந்தது, சுவர்க் கடிகாரம் தெரிந்தது, கூரை விளக்கும் தெரிந்தது. இத்தனையும் இவ்வளவு நாளாக இங்கேயேதான் இருந்ததா? கண் ஆபரேஷன் செய்துகொள்ளட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். போனிலிருந்து நிமிராமலே, "எந்தக் கண்ணு?" என்றார். நானே முடிவு செய்தேன்.

ஊசி எறும்பும் இல்லை, உயிரும் போகவில்லை. மூன்றாம் நாள் நானும் அழுதேன். ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். இப்போது சிக்னல் முழுசாகத் தெரிகிறது. ஆனால் வீட்டில் புதுப் பிரச்சினை. என் வீட்டுக்காரருக்கு ஒரு கான்டோ அடுக்குமாடியில் செக்யூரிட்டி வேலை. யார் காரை யார் இடத்தில் விட்டார்கள் என்று தினமும் வந்து கதை சொல்வார். கதை வரவர நடுவிலேயே நின்றுபோனது; கேட்டால், என் புருவம் முன்போல உயருவதில்லை என்றார். டாக்டரிடம் சொன்னேன். தொங்கின இமைக்குக் கீழே பார்ப்பதற்காக நீ இத்தனை வருஷம் உன்னையறியாமல் புருவத்தைத் தூக்கியே வைத்திருந்தாய், இப்போது தேவையில்லாததால் அது இறங்கி ஓய்வெடுக்கிறது என்றார். அதை வீட்டில் வந்து விளக்கினேன். அவர் சமாதானமாகவில்லை: "அப்போ இத்தனை வருஷமா என் கதையைக் கேட்டு ஆச்சரியப்பட்டதெல்லாம் தோல் தொங்கினதாலயா, வளர்மதி?"

ஆகவே இமை ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: வீக்கம் தானாக வடியும், மடிப்பு தானாக இறங்கும், வீட்டுக்காரர் கதை சொல்லும்போது மட்டும் புருவத்தை நாமேதான் தூக்க வேண்டும்.